பேர் யார் பேரில்?

2021-ஆம் வருஷம், ஆவணி மாதம். அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. மாங்காட்டிலிருந்து ஒரு அம்மாள். அவர் பெண் கல்யாணத்துக்கு எங்கள் சங்கத்துப் பெண்கள்தான் ஐந்நூறு தாம்பூலப் பை தைத்துக் கொடுத்திருந்தோம். மீதிப் பணம் தருவதற்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கரண்டியை வைத்துவிட்டு ஆசையாக "சொல்லுங்கம்மா" என்றேன்.

"பையெல்லாம் நல்லாத்தான் இருந்தது, ஒரு குறையும் இல்லே. ஆனா அடியிலே ஏதோ இன்டர்நெட் விலாசம் அச்சடிச்சிருக்கீங்களே, அதை எங்க சம்பந்தி வீட்டுப் பையன் போன்ல போட்டுப் பார்த்திருக்கான். சீட்டாட்டம் வருதாம்மா! காசு வெச்சு ஆடற சீட்டாட்டம்! 'என்ன அத்தை, கல்யாணப் பையிலேயே ரம்மிக்கு விளம்பரமா'ன்னு கேட்டுட்டாங்க. எனக்கு முகத்தை எங்கே வெச்சுக்கறதுன்னே தெரியலை."

எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போயிற்று. குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, எதிர் வீட்டு அண்ணியிடம் ஓடினேன். அவள் போனில் எங்கள் சங்கத்தின் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினோம். வந்ததே பாருங்கள், சிவப்பும் பச்சையுமாகச் சீட்டுக்கட்டு! நாங்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் இருந்த இடத்தில், பொற்காசுகள் கொட்டிக் கொண்டிருந்தன.

எங்கள் ஊர் குத்தம்பாக்கம். பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் வெளியூர்க்காரர்கள் சிலருக்கும் பழக்கம்தான். 1996-இல் இங்கே ஊராட்சித் தலைவராக வந்த இளங்கோ ரசாயன இன்ஜினீயரிங் படித்தவர். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். அவர் காலத்தில் எழுந்த சமத்துவபுரத்தில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் வசிக்கும் இரட்டை வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அதனால் ஊர்ப் பெயரை இன்டர்நெட்டில் தேடுகிறவர்கள் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் சங்கம் அந்த அளவுக்குப் பெரிதில்லை. இருபத்திரண்டு பெண்கள், ஏழு தையல் மெஷின், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு வாடகை அறை. அவ்வளவுதான்.

2017-இல் ஊர்த் தம்பி ஒருவன், காலேஜில் கடைசி வருஷம் படித்துக் கொண்டிருந்தவன், "அக்கா, உங்க சங்கத்துக்கு ஒரு வெப்சைட் போட்டுத் தரேன்" என்று தானாகவே வந்தான். தங்கமான பிள்ளை. ஒரு பைசா கூலி வாங்கவில்லை. பெயர் பதிவுக்கான பணத்தைக்கூடக் கையிலிருந்து போட்டு, "அடிக்கடி தொல்லை வேண்டாம்" என்று நாலு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினான். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கப் பணம் அனுப்பினார்கள் முகம் தெரியாத எத்தனையோ பேர். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும், துணிப்பை ஆர்டர் குவிந்தது. ஒவ்வொரு பையின் அடியிலும் விலாசத்தைப் பெருமையாக அச்சடித்தோம்.

தம்பி படிப்பு முடிந்து வெளிநாட்டு வேலைக்குப் போனான். இந்திய சிம் கார்டை விட்டுவிட்டான். பெயரைப் பதிவு செய்யும்போது அவன் கொடுத்திருந்தது காலேஜில் கொடுத்த ஈமெயில் விலாசம். படிப்பு முடிந்த பிள்ளைகளின் விலாசத்தைக் காலேஜ் நிறுத்திவிட்டது. நாலு வருஷம் முடிகிற 2021 ஏப்ரலிலோ கொரோனா இரண்டாவது அலை. அவரவர் வீட்டில் காய்ச்சலும் ஆக்சிஜனும் பேச்சு. "தவணை முடியப் போகிறது" என்று வந்த கடிதங்கள் எல்லாம் யாரும் திறக்காத ஒரு தபால் பெட்டியில் விழுந்து கொண்டிருந்தன. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவன் செய்ததில் தப்பு ஒன்றே ஒன்றுதான்: சங்கத்தின் பெயரைத் தன் பெயரில் வாங்கினான். அதைத் தப்பு என்று சொல்ல எங்களுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

"பேர் நம்மளுது, பணம்தானே அவன் கட்டினான்?" என்று எங்கள் பொருளாளர் பெரியம்மா கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் சங்கம் 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் சட்டப்படி ரிஜிஸ்டர் ஆனது. சீல் இருக்கிறது, நம்பர் இருக்கிறது. பிறகு எப்படி வேறு யாரோ எங்கள் பெயரில் கடை விரிக்க முடியும்?

முடியும் சகோதரிகளே. பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்வது வேறு. இன்டர்நெட்டில் பெயரைப் பதிவு செய்வது வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. இந்த 'டொமைன்' என்பதை நாம் விலைக்கு வாங்குவதே இல்லை. குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். வருஷா வருஷம் கட்டலாம், ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குக் கட்டலாம். குத்தகைச் சீட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் குத்தகைக்காரர். கேஸ் கனெக்‌ஷன் மாமனார் பெயரில் இருந்தால், அவர் காலமான பிறகு நாம் படுகிற பாடு தெரியுமல்லவா? அதேதான்.

தவணை முடிந்த மறுநாளே பெயர் பறிபோய்விடுவதில்லை. 'டாட் ஆர்க்', 'டாட் காம்' போன்றவற்றுக்குப் பெயரை விற்ற கம்பெனி நாற்பத்தைந்து நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க அவகாசம் தரலாம். கம்பெனிக்குக் கம்பெனி இது குறையும். அதற்குப் பிறகு முப்பது நாள் மீட்புக் காலம். அதில் அபராதம் பல மடங்கு, ஆனாலும் பழைய சொந்தக்காரருக்குத்தான் உரிமை. கடைசியில் ஐந்து நாள் யாராலும் தொட முடியாது. அப்புறம் பெயர் சந்தைக்கு வந்துவிடும். இப்படிச் சந்தைக்கு வரும் பெயர்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் கொண்டிருந்து பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே நாலு பேர் வந்து போன விலாசம் என்றால் அவர்களுக்குக் கொள்ளை லாபம். எங்கள் விலாசத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தவர்களை, சீட்டாட உட்கார்த்தி வைத்துவிட்டார்கள்.

ஏப்ரலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஜூலை முதல் வாரம் வரைக்கும் வழி இருந்திருக்கிறது. ஒரே ஒரு கடிதத்தை ஒரே ஒரு ஆள் படித்திருந்தால் போதும்!

திருப்பி வாங்க முயற்சி செய்யாமல் இல்லை. விலைக்குக் கேட்டோம். இரண்டாயிரம் டாலர் என்று பதில் வந்தது. அப்போதைய கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட! ஏழு மெஷினையும் விற்றால்கூட வராது. வழக்குப் போடலாமா என்று விசாரித்தோம். வழி இருக்கிறது. 1999-இலிருந்தே இதற்கென்று உலக அளவில் ஒரு தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் மனுப் போட்டால், ஒரு நடுவர் விசாரிப்பதற்கே கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு டாலர்.

நம் நாட்டிலும் இந்தப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. சென்னையிலிருந்து நடந்த சத்யம் இன்ஃபோவே கம்பெனியின் 'சிஃபி' என்ற பெயரில் ஆங்கில 'எஃப்' ஒன்று. எதிராளி பதிவு செய்த பெயரில் 'எஃப்' இரண்டு. அந்த ஒரு எழுத்துக்காகக் கீழ்க் கோர்ட், ஹைகோர்ட் என்று ஏறி டெல்லி வரை போனார்கள். வியாபாரப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, சிஃபிக்கே ஜெயம். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நாங்கள் தாம்பூலப் பை தைக்கிறவர்கள். டெல்லிக்கு ரயில் சார்ஜ் யார் கொடுப்பது? பழைய பெயருக்குத் தலை முழுகினோம்.

2022 தை மாதம் புதுப் பெயருக்கு உட்கார்ந்தோம். பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இத்தனை கூட்டம் கூடவில்லை! வாடகை அறையில் பாய் விரித்து, டீ போட்டு, இரண்டு சாயங்காலம் பேசினோம்.

முதல் சண்டை ஆங்கில எழுத்தில். தமிழில் 'குத்தம்பாக்கம்' என்றால் முதல் வகுப்புப் பிள்ளைகூட ஒரே மாதிரிதான் எழுதும். ஆங்கிலத்தில்? 'த்த' என்பதற்கு 'டி-ஹெச்' என்றார் ஒருவர். 'டி-டி-ஹெச்' என்றார் இன்னொருவர். வெறும் இரண்டு 'டி' போதும் என்றார் மூன்றாமவர். 'பா' வந்ததும் இன்னும் மோசம். "பாட்னாவுக்குப் போடற பி-யா, பம்பாய்க்குப் போடற பி-யா?" 'க்க'வுக்கு ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா? என் நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றையே பன்னிரண்டு விதமாக எழுதலாம்!

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசாங்கமே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அறிவித்தது. வெள்ளைக்காரன் வாயில் நுழைந்தபடி எழுதிய பூந்தமல்லி, 'பூவிருந்தவல்லி' என்று நீண்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் போட்ட எழுத்துகளைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே ஆணையைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். பெரிய பெரிய அதிகாரிகளுக்கே முடியாததை நாங்கள் இரண்டு டீயில் முடிக்கப் பார்த்தோம்.

எதிர் வீட்டு அண்ணிதான் ஒரு யோசனை சொன்னாள். "பேச்சு வேணாம். அரக்கோணத்துல எங்க அம்மாவுக்கு போன் போடறேன். பேரைச் சொல்றேன். அவங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு காதால கேட்டு எழுதட்டும். எப்படி எழுதுதோ, அப்படித்தான் ஜனங்களும் எழுதுவாங்க." இதே மாதிரி ஆறு ஊருக்குப் போன் போட்டோம். ஆறில் நாலு பேர் எழுதியது ஒரே மாதிரி: 'டி-ஹெச்', பம்பாய் 'பி', இரண்டு 'கே'. எங்கள் ஊர் போர்டுகளிலும் அதுதான் இருந்தது. தீர்ந்தது.

அடுத்து, ஊர்ப் பெயருக்குப் பின்னால் என்ன? பழைய விலாசத்தில் 'மகளிர்' இருந்தது. அந்தச் சொல்லிலேயே ஒரு வில்லங்கம். 1997-இலிருந்து நடக்கிற 'மகளிர் திட்ட'த்துக்கு ஆங்கிலத்தில் நடுவில் 'ஹெச்' போடுவார்கள். நாங்களும் அதையே போட்டிருந்தோம். 'ஜி' போட்டுத் தேடியவர்கள் எங்களைக் கண்டுபிடிக்காமலே போனார்கள். (பிறகு 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகைக்கு 'ஜி'தான் போட்டார்கள். இரண்டும் அரசாங்கத்துடையதே!) 'தையல்' என்று வைக்கலாம் என்றால் அதிலும் மூன்று விதம். 'பை' என்றால் ஆங்கிலத்தில் சாப்பிடுகிற பை, கணக்கில் வருகிற பை, இந்தியில் பாய்... வேண்டாம் சாமி!

"வெறும் ஊர்ப் பேரையே வெச்சுடுவோம், சுருக்கமா இருக்கும்" என்றாள் ஒரு தங்கச்சி. கேட்க ஆசையாகத்தான் இருந்தது. பெரியம்மா ஒப்புக் கொள்ளவில்லை. "ஊர்ப் பேரு ஊருக்குச் சொந்தம்டி. நாளைக்குப் பஞ்சாயத்துக்கு வேணும், பள்ளிக்கூடத்துக்கு வேணும். நாம இருபத்திரண்டு பேரு எடுத்து முடிஞ்சு வெச்சுக்கறதா?" என்றாள். சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. யார் முந்துகிறாரோ அவருக்கு. ஆனாலும் பெரியம்மா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஒரு பெயரை இழந்து நின்றவர்களாயிற்றே நாங்கள்.

கடைசியில் ஊர்ப் பெயரோடு 'சங்கம்' என்று சேர்த்தோம். அதை யாரும் ஆறு எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், சங்கத் தமிழ் புண்ணியம்! நடுவில் கோடு போடவில்லை. போனில் சொல்லும்போது "நடுவுல ஒரு கோடு" என்றால் பாதிப் பேர் அதைக் கீழே போடுவார்கள். ஆங்கிலத்தில் சேர்த்து எழுதிய பிறகு உரக்கப் படித்தும் பார்த்தோம். இரண்டு நல்ல சொற்களை ஒட்டினால் நடுவில் ஒரு கெட்ட சொல் முளைக்கிற வேடிக்கையும் உண்டு.

வால் பக்கம் எது என்பது பாக்கி. 'டாட் காம்' வியாபாரத்துக்கு என்று தொடங்கியது, இப்போது எல்லோரும் வைத்துக் கொள்கிறார்கள். 'டாட் இன்' நம் நாட்டுக்குரியது. 2005-இலிருந்து பொதுமக்களுக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே 'டாட் இந்தியா' என்றும் வைக்கலாம். இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் இப்படியே தமிழ் வால் உண்டு. தமிழிலேயே வைக்க எனக்குக் கொள்ளை ஆசை. எழுத்துக்கூட்டல் சண்டையே இருக்காதே! ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் அதை 'எக்ஸ்-என்' என்று ஆரம்பிக்கும் ஒரு வாயில் நுழையாத ஆங்கிலச் சரமாக மாற்றித்தான் வைத்துக் கொள்கிறது. சில இடங்களில் அந்தச் சரமே வெளியே தெரியும். தமிழ் விலாசத்தோடு ஈமெயில் கொடுத்தால் ஏற்காத படிவங்கள் இன்னும் உண்டு. கல்யாணப் பையில் 'எக்ஸ்-என்' எதற்கு? விட்டுவிட்டோம்.

எடுத்தது 'டாட் ஆர்க்'. 1985-இல், இன்டர்நெட் பெயர்கள் ஆரம்பித்தபோதே இருந்த வால் இது. வியாபாரம் அல்லாத அமைப்புகளுக்கு என்று வைத்தது. ஆனால் யார் கேட்டாலும் கொடுப்பார்கள், சர்டிபிகேட் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் ஆர்க் என்று முடிந்துவிட்டாலே தர்ம ஸ்தாபனம் என்று நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள். எங்களுக்கு அதன் மேல் பிடிப்பு வந்ததற்கு வேறு காரணம். 2003-இலிருந்து இந்த வாலை நிர்வகிப்பது அமெரிக்காவில் உள்ள லாப நோக்கமில்லாத அமைப்பு. 2019 நவம்பரில் அதைத் தூக்கி ஒரு தனியார் முதலீட்டுக் கம்பெனிக்கு 113 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்கப் போவதாக அறிவித்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆர்க் பெயர்கள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்திருந்தார்கள்! வீட்டுக்காரர் மாறினால் வாடகை என்னவாகும்? ஒய்.எம்.சி.ஏ.வும், அமெரிக்காவின் சாரணச் சிறுமியர் அமைப்பும் எதிர்ப்பில் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து மாதம் இழுபறி. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி, உலகப் பெயர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் ஐகேன் அமைப்பு அந்த விற்பனைக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது. அக்காள் தங்கைகளாகச் சண்டை போட்டுக் காப்பாற்றிய பெயர், எங்களுக்கும் ராசியாக இருக்கட்டும் என்று எடுத்தோம்.

பதிவு செய்தது என் போனில்தான், அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அந்த அரை மணிக்கு நாங்கள் ஒரு வாரம் தயார் செய்தோம்.

சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, பழைய பட்டன் போன் ஒன்றில் போட்டோம். அது பெரியம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. மறக்காமல் ரீசார்ஜ் செய்கிறாள். செய்யாமல் விட்டால் அந்த நம்பரும் வேறு யார் கைக்காவது போய், ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் வரும். சங்கத்துக்கென்று தனி ஈமெயில். அதையும் எங்கள் புதுப் பெயரிலேயே வைக்காமல், பொதுவான இலவச ஈமெயில் ஒன்றில் வைத்தோம். ஏன் தெரியுமா? பெயர் தவணை தவறினால் அந்தப் பெயரில் இருக்கும் ஈமெயிலும் செத்துவிடும். "தவணை தவறிவிட்டது" என்ற கடிதம் எங்கே வந்து விழும்? பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

படிவத்தில் 'ஆர்கனைசேஷன்' என்று ஒரு கட்டம் வரும். கட்டாயமில்லை என்பதால் எல்லோரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதில் சங்கத்தின் பெயரை, சர்டிபிகேட்டில் இருப்பது போல் எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். அது நிரம்பியிருந்தால்தான் சொந்தக்காரர் சங்கம். காலியாக இருந்தால் மேலே எழுதியிருக்கும் ஆளே சொந்தக்காரர். எங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத்தான் காலியாக விட்டிருந்தான்.

பணம் கட்டுவதில் ஒரு சிக்கல். சங்கக் கணக்கில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் பேங்கில் கார்டு தரவில்லை. என் கார்டில் கட்டி, ரசீதைச் சங்கத்தின் பெயரில் வாங்கி, செக்காக எடுத்துக் கொண்டேன். வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்ச் சொச்சம், மேலே பதினெட்டு சதவிகிதம் ஜி.எஸ்.டி. விளம்பரத்தில் காட்டும் விலை முதல் வருஷத்துக்கு மட்டும். புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள். பதிவு செய்ததும் ஈமெயிலை உறுதி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். பதினைந்து நாளுக்குள் அதைத் தட்டாவிட்டால் பெயரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். நாங்கள் ஐந்து வருஷத்துக்குக் கட்டினோம். இரண்டு 'டி' போட்ட எழுத்துக்கூட்டலையும் ஒரு வருஷத்துக்கு எடுத்து, முதல் பெயருக்கே வழிகாட்டும்படி செய்தோம். பன்னிரண்டையும் எடுக்க நாங்கள் ஜமீன் இல்லை.

பிறகு ஒரு வேடிக்கை. சீனாவிலிருந்து ஒரு ஈமெயில்: "உங்கள் பெயரை இங்கே ஒரு கம்பெனி பதிவு செய்யப் போகிறது, உடனே எங்களிடம் பணம் கட்டிக் காப்பாற்றிக் கொள்ளுங்கள்." ஒரு தரம் சுட்டுக் கொண்டவர்கள் அல்லவா, நான் பதறிவிட்டேன். விசாரித்தால், பல வருஷமாக உலகம் பூராவும் போகிற புளுகுக் கடிதமாம் அது! பதிவு செய்த கம்பெனியின் பக்கத்துக்கு நாமே போய்ப் பார்த்துக் கொள்வதைத் தவிர, வருகிற கடிதத்தில் உள்ள எதையும் தட்டிப் பணம் கட்டக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். 2018-க்கு முன்னால் பெயர் பதிந்தவரின் போன் நம்பரை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்ததால் தம்பிக்கு "வெப்சைட் டிசைன் பண்ணணுமா சார்" என்று நாளுக்கு நாலு போன் வருமாம். அந்த வருஷம் ஐரோப்பாவில் வந்த சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். பட்டன் போன் பீரோவில் சத்தமில்லாமல் இருக்கிறது.

அந்த நோட்டு இரண்டு பிரதி. ஒன்று பெரியம்மாவிடம், ஒன்று என்னிடம். எந்தக் கம்பெனி, எந்த ஈமெயில், பாஸ்வேர்டு, எந்தத் தேதியில் தவணை முடிகிறது, வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமானால் 'ஆத் கோடு' எங்கே கேட்பது, எல்லாம் தமிழில் எழுதியிருக்கிறது. சங்கத்தில் நிர்வாகிகள் மாறினால் சீலையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒப்படைக்கிற மாதிரி இதையும் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டுவிட்டோம்.

மாங்காட்டு அம்மாளை நேரில் போய்ப் பார்த்தேன். மீதிப் பணத்தை வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, கொடுத்தே அனுப்பினார். "உங்க பக்கம் இனிமே சரியா வருதான்னு மட்டும் எங்க சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். சொன்னேன்.

அறையில் பழைய விலாசம் அச்சடித்த பைகள் முந்நூற்றுச் சொச்சம் மீந்திருந்தன. தூக்கிப் போட மனசு வரவில்லை. வெட்டுத் துணியில் சின்னச் சின்னப் பூவாகக் கத்தரித்து, விலாசத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தோம். பார்த்தவர்கள் எல்லாம், "இந்தப் பூப் போட்ட டிசைன்தான் வேணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள்! இப்போது புதுப் பைகளிலும் பூ வைத்துத்தான் தைக்கிறோம். அதற்குப் பத்து ரூபாய் ஜாஸ்தி.

வெளியே போய்விட்ட பைகளுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டரை வருஷத்துப் பைகள். போன வாரம்கூடப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் முருங்கைக்காய் துருத்திக் கொண்டிருந்த மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு நின்றாள். எங்கள் தையல். அடியில் பழைய விலாசம். கிட்டே போய் என்னவென்று சொல்வது, "அம்மா, அந்தப் பையைக் கொடுங்க, ஒரு பூ வெச்சுத் தைச்சுத் தரேன்" என்றா? யோசிப்பதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.